கைப்பணமும் காகிதச் சான்றும்: மலையகத் தோட்டங்களில் குற்ற நிரூபணமின்றிப் பணம் கைப்பற்றப்படுதல் பற்றிய ஒரு நோக்கு

ஒருவர் கையில் இருக்கும் பணம் அவருடையதுதானா என்னும் வினா எழும்போது, அதனை நிரூபிக்கும் பொறுப்பு யாரைச் சாரும்? இலங்கையின் சட்டம் இவ்வினாவிற்கு நூற்றாண்டிற்கு மேற்பட்ட காலத்திற்கு முன்னரே தெளிவான விடை ஒன்றைத் தந்துள்ளது. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, ஒரு பொருள் ஒருவருடைய உடைமையில் இருப்பதாகக் காட்டப்படுமிடத்து, அவர் அதன் சொந்தக்காரர் அல்லர் என்று கூறுபவரே அதனை நிரூபித்தல் வேண்டும் எனக் கூறுகின்றது. கையில் வைத்திருப்பதே உரிமைக்கு முதற் சான்று. மறுப்பவனே காரணம் காட்டவேண்டும் என்பது இதன் பொருள்.

எனினும், சட்டப் புத்தகத்திலுள்ள இந்த விதியும், ஹற்றன், நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா ஆகிய பகுதிகளின் வீதிச் சோதனைகளிலும் லயச் சோதனைகளிலும் எழுப்பப்படும் வினாவும் ஒன்றல்ல. அங்கு கேட்கப்படுவது, “இந்தப் பணம் உனக்கு எங்கிருந்து வந்தது?” என்பதாகும். இவ்வினா கேட்கப்பட்ட கணத்திலேயே நிரூபிக்கும் பொறுப்பு இடம் மாறிவிடுகின்றது. விடை கூறுபவரிடம் காகிதச் சான்று இருப்பின் பணம் மீள்கின்றது; இல்லையேல் அது சான்றுப்பொருளாகின்றது. காகிதச் சான்று யாரிடம் இருக்கின்றது, யாரிடம் இல்லை என்பது தற்செயலாக அமைவதன்று. அது ஒரு சமூக வரலாற்றின் விளைவு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று வேறுபட்ட செயல்கள்

பொதுப் பேச்சிலே “பொலிசார் பணத்தைப் பறித்துக்கொண்டார்கள்” என்று ஒரே தொடராற் குறிப்பிடப்படுவது, சட்ட நோக்கில் மூன்று வேறுபட்ட செயல்களை உள்ளடக்கியதாகும். இவற்றைப் பிரித்தறிதல் அவசியம்.

முதலாவது கைப்பற்றல். சந்தேகத்தின் பேரில் ஒரு பொருளைப் பொலிசார் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்வது இது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 29ஆம் பிரிவு, கைது செய்யப்பட்டவரைச் சோதனையிட்டு, அவர் அணிந்துள்ள அத்தியாவசிய உடைகள் தவிர்ந்த ஏனைய பொருட்களைப் பாதுகாப்பில் வைக்க இடமளிக்கின்றது. 431ஆம் பிரிவு, அவ்வாறு எடுக்கப்பட்ட பொருள் பற்றியும், திருடப்பட்டதாகச் சந்தேகிக்கப்படும் பொருள், அல்லது ஏதேனும் குற்றம் நிகழ்ந்திருக்கலாம் என்ற சந்தேகத்தைத் தோற்றுவிக்கும் சூழ்நிலையிற் காணப்பட்ட பொருள் பற்றியும் நீதவானுக்கு உடனடியாக அறிவிக்க வேண்டும் எனப் பணிக்கின்றது. அதன்மேல், உடைமைக்கு உரித்துடையவரிடம் பொருளை ஒப்படைப்பது குறித்து நீதவான் கட்டளையிடலாம். உரித்துடையவர் யாரென அறியப்படாவிடின், பொருளைத் தடுத்து வைத்து, ஆறு மாத காலத்துள் உரிமை கோருமாறு அறிவித்தல் விடுக்கலாம். அக்காலத்துள் எவரும் உரிமையை நிலைநாட்டாவிடின் பொருள் அரசைச் சேரும்.

இரண்டாவது முடக்கல். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டத்தின் கீழ், பொலிஸ் உயரதிகாரி ஒருவர் ஒரு கணக்கையோ ஆதனத்தையோ ஏழு நாட்களுக்கு முடக்கக் கட்டளையிடலாம். அதற்கு மேல் நீடிக்க மேல் நீதிமன்றத்தை நாடவேண்டும்.

மூன்றாவது பறிமுதல். இது உரிமையை நிலையாக இழத்தலாகும். பொதுவாக இது குற்றத் தீர்ப்பின் பின்னர் நிகழ்வது. ஆனால் 2025ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குற்றச்செயல் வரும்படிகள் சட்டம், குற்றத் தீர்ப்பின் அடிப்படையிலான பறிமுதலுடன், குற்றத் தீர்ப்பு இல்லாத பறிமுதலையும் இலங்கைச் சட்டத்தில் விரிவாக நிலைநாட்டியுள்ளது. இங்கு வழக்கு மனிதனுக்கு எதிராக நடத்தப்படுவதில்லை. பணத்துக்கு எதிராக நடத்தப்படுகின்றது. நியாயமான சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் என்னும் குற்றவியல் அளவுகோலுக்குப் பதிலாக, எப்பக்கம் சாத்தியம் மிகுதி என்னும் குடியியல் அளவுகோலே இங்குப் போதுமானதாகின்றது.

மேலே கூறியவற்றுள் முதலாவதே தோட்ட மக்களைப் பெருமளவிற் பாதிப்பது. ஏனைய இரண்டும் பெருந்தொகைகளையும் வங்கிக் கணக்குகளையும் நோக்கியவை. ஆயினும் அவற்றுக்கு அடிப்படையான தருக்கம் முதலாவதிலும் ஊடுருவியுள்ளது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஒருவரது அறியப்பட்ட வருமானத்தினால் ஈட்டியிருக்க முடியாத ஆதனம், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, சட்டவிரோத நடவடிக்கையிலிருந்து பெறப்பட்டதாகவே கருதப்படும் என்கின்றது. 1895இன் 110ஆம் பிரிவை இதனோடு அருகருகே வைத்து நோக்குவோமாயின், நூற்றுப் பதினோர் ஆண்டுகளில் சட்டத்தின் ஊகம் முற்றாக எதிர்த் திசைக்குத் திரும்பியிருப்பதைக் காணலாம்.

அரசியலமைப்பும் இவ்விடயத்திற் போதிய காப்பை வழங்கவில்லை. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரை ஒவ்வொருவரும் குற்றவாளியெனக் காணப்படும்வரை சுத்தவாளியென ஊகிக்கப்படுவர் எனக் கூறினும், குறித்த சில விடயங்களை நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டத்தின் மூலம் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீது சுமத்தலாம் என்ற விலக்கையும் அதனுடனேயே இணைத்துள்ளது. அடிப்படை உரிமைகள் பற்றிய அத்தியாயத்தில் ஆதனத்துக்கான உரிமை இடம்பெறவேயில்லை. ஆகவே பணத்தை இழந்தவர், சமத்துவ உரிமையை மீறியதாகவோ தன்னிச்சையான நடவடிக்கை என்றோ வாதிடலாமேயன்றி, ‘என் உடைமை எனக்கு அடிப்படை உரிமை’ என வாதிட இயலாது.

காகிதமற்ற பொருளாதாரம்

தோட்டத் தொழிலாளி ஒருவரது வாழ்விற் பணம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறியாது, “எங்கிருந்து வந்தது?” என்னும் வினாவின் பாரத்தை அறியமுடியாது.

தோட்டத்தில் ஒரு வருமானத்துக்கு மட்டுமே எழுத்துச் சான்று உண்டு. அது செக்ரோலிற் பதிவாகும் பேரின்படி கணிக்கப்படும் சம்பளம். ஆனால் வாழ்க்கை அச்சம்பளத்தால் மட்டும் நடைபெறுவதில்லை. ஞாயிறு முதலிய நாட்களிற் கொழுந்தெடுத்துக் கையோடு பெறும் ‘கைக்காசு’, அயலிலுள்ள மரக்கறித் தோட்டங்களில் நாட்கூலி, லயத்தின் பின்புறத்துக் காய்கறி, பசுவின் பால், கோழி, ஆடு ஆகியவற்றின் விற்பனை, கொழும்பிற் கடைகளிலும் வீடுகளிலும் பணிபுரியும் பிள்ளைகள் அனுப்பும் பணம், மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்ற பெண்களின் உழைப்பு என்பன அதனோடு சேர்கின்றன. சேமிப்போ சீட்டு, நகை, அடகு என்னும் மூன்று வழிகளில் நிகழ்கின்றது. சீட்டுக்கு ஒரு கொப்பியும் நம்பிக்கையும் போதும். நகை விற்கப்பட்டும் அடகு வைக்கப்பட்டும் மீட்கப்பட்டும் பணமாகவும் பொன்னாகவும் மாறி மாறி வருகின்றது. திருமணம், பூப்பு நீராட்டு, மரணம் ஆகியவற்றின்போது பெறப்படும் மொய்ப் பணத்தைக் குறிக்கும் நோட்டுப் புத்தகம் நீதிமன்றத்திற் சான்றாகும் என எவரும் எண்ணி எழுதுவதில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு பெண் தொழிலாளி மாதத்தில் 25 நாட்கள் வேலை செய்தால் அவரது சம்பளம் 33,750 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு அவரது பங்காகிய நூற்றுக்கு 8 வீதம், அதாவது 2,700 ரூபா, கழிக்கப்பட எஞ்சுவது 31,050 ரூபா. முற்பணம், சங்கச் சந்தா முதலிய கழிவுகள் இதற்கு அப்பால் உள்ளன. அவர் இருபது பேர் சேர்ந்த சீட்டொன்றில் மாதம் 5,000 ரூபா வீதம் கட்டிவந்து, தம் முறை வந்தபோது ஒரு இலட்சம் ரூபா பெறுகின்றார் எனக் கொள்வோம். அடகு வைத்த நகையை மீட்க ஹற்றன் நகருக்கு வான் ஒன்றிற் செல்கின்றார். வான் சோதனைக்குள்ளாகின்றது, வேறொரு பயணியிடம் கஞ்சாப் பொதி காணப்படுகின்றது, வானிலிருந்த அனைவரும் விசாரிக்கப்படுகின்றனர்.

இப்போது அப்பெண்ணிடம் உள்ள எழுத்துச் சான்று யாது? சம்பளத் துண்டு ஒன்றே. அது அவரது வருமானம் மாதம் 31,050 ரூபாவுக்கு உட்பட்டது என்பதைக் காட்டுகின்றது. கையிலிருப்பதோ அதன் மூன்று மடங்குக்கும் அதிகம். அவரைக் காக்கவேண்டிய ஒரே பத்திரம் அவருக்கு எதிரான சாட்சியாக மாறிவிடுகின்றது. ஒரு இலட்சம் ரூபாவுக்காகப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம் பிரயோகிக்கப்படுவது அரிது என்பது உண்மையே. ஆனால் அறியப்பட்ட வருமானத்துக்கு மேற்பட்டது அனைத்தும் சந்தேகத்துக்குரியது என்னும் அதன் தருக்கம், எந்தச் சட்டப் பிரிவும் மேற்கோள் காட்டப்படாமலே, வீதியோரத்திற் செயற்படுகின்றது.

இது வெறும் கற்பனைச் சூழ்நிலையன்று என்பதை மலையகத்தை அறிந்தோர் உணர்வர். டிசெம்பர் மாதத்து உந்துவப் பௌர்ணமி முதல் மே மாதத்து வெசாக் வரையிலான சிவனொளிபாத மலை யாத்திரைக் காலத்தில், ஹற்றனிலிருந்து மஸ்கெலியா ஊடாக நல்லதண்ணி செல்லும் பாதையில் போதைப்பொருட் சோதனைகள் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. யாத்திரிகர் செல்லும் அதே வீதியிற்றான் தோட்ட மக்களும் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் வங்கிக்கும் செல்கின்றனர்.

பணம் கைப்பற்றப்பட்ட பின் நிகழ்வன யாவை? முதலாவதாக, கைப்பற்றிய தொகை எவ்வளவு என்பதற்கான பற்றுச்சீட்டு. அதனைக் கேட்டுப் பெறும் துணிவு எல்லோருக்கும் இருப்பதில்லை. இரண்டாவதாக, வாக்குமூலம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும், மலையகத்திற் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தின் கீழ்த் தமிழிற் கையொப்பமிடும் நிலை நீண்டகாலமாக முறையிடப்பட்டு வருவதாகும். மூன்றாவதாக, நீதிமன்றத் தவணை. ஒவ்வொரு தவணையும் ஒரு நாட்பேரின் இழப்பு. பத்துத் தவணைகளாயின் 13,500 ரூபா சம்பளம் போய்விடும். போக்குவரத்தும் சட்டத்தரணியின் கட்டணமும் வேறு. கைப்பற்றப்பட்டது 20,000 ரூபாவாயின் அதனை மீட்க முயல்வதைக் காட்டிலும் கைவிடுவதே சிக்கனமாகின்றது. உரிமை கோரப்படாத பணம் ஆறு மாதங்களின் பின் அரசுக்குரியதாகலாம் என்னும் விதி, உரிமையாளர் இல்லாத பொருளுக்காக ஆக்கப்பட்டது. ஆனால் உரிமையாளர் வறியவராயிருக்கும்போதும் அதே விளைவே ஏற்படுகின்றது. சட்டத்தின் பார்வையில் அவர் உரிமை கோராதவர். உண்மையில் அவர் உரிமை கோரக் கட்டுபடியாகாதவர்.

அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்தை நாடும் வழியும் உண்டு. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை அதற்கு ஒரு மாத கால எல்லையை விதிக்கின்றது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அம்மாதத்துள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் அவ்வெல்லையிற் சேர்க்கப்படமாட்டாது. இப்பிரிவு தோட்டத் தொழிற்சங்கப் பணியாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. ஆனால், ஒரு மாத எல்லைக்குள் வழக்கு கொழும்புக்குச் செல்லவேண்டும் என்ற நிலை லயத்திலிருந்து நோக்குமிடத்து மிகத் தொலைவானதே.

காகிதம் யார் கையில்?

தோட்ட மக்களிடம் எழுத்துச் சான்று இன்மைக்கு அவர்களது கல்வியறிவின்மையையோ பழக்கவழக்கத்தையோ காரணமாகக் கூறுதல் எளிது. வரலாறு வேறு விடையைத் தருகின்றது. பெருந்தோட்ட அமைப்பிற் காகிதம் எக்காலத்திலும் இருந்தது. ஆனால் அது தொழிலாளியின் கையில் இருக்கவில்லை.

தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி தோட்டத்தை அடையும் முன்னரே கடன்காரனாகியிருந்தான். பயணச் செலவும் முற்பணமும் கங்காணியின் கணக்கில் ஏறின. அக்கணக்கை எழுதியவன் கங்காணி, வாசித்தவன் கங்காணி. வேறு தோட்டத்துக்கு மாறுவதாயின் ‘துண்டு’ வேண்டும். குறித்த தொகையைச் செலுத்தினால் இன்ன தொழிலாளர் விடுவிக்கப்படுவர் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த பத்திரமே துண்டு. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். அது மீண்டும் தொழிலாளியின் கடனாகும். ஒருவனது உழைப்பின் விலை காகிதத்தில் எழுதப்பட்டுத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறிற்று; அக்காகிதத்தில் அவனுக்கென ஒரு சதமும் எழுதப்படவில்லை.

சட்டமும் இதற்குத் துணைநின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தொழிலாளி முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவதையும் வேலை செய்ய மறுப்பதையும் குற்றமாக்கி, அதற்குச் சிறைத் தண்டனையுடன் அதுவரை உழைத்த கூலியை இழப்பதையும் தண்டனையாக விதித்தது. குடியியல் ஒப்பந்தத்தை மீறியமைக்காகப் பிடியாணை பிறந்தது. பொலிசார் தோட்டத்துரையின் கடன் வசூலிப்போராயினர். 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மாத முடிவிலிருந்து அறுபது நாட்களுக்குள் கூலியைக் கொடுத்தாற் போதும் என இடமளித்தது. எனவே எந்த வேளையிலும் தொழிலாளியின் உழைப்பூதியத்தில் ஒரு பகுதி முதலாளியின் பிடியிலேயே இருந்தது. ஓடினால் அது பறிபோகும் என்ற அச்சமே அவனைக் கட்டிவைத்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் முன்னின்ற தொழிலாளர் நலன்புரி இயக்கத்தின் அழுத்தமும் இந்திய அரசின் அழுத்தமும் சேர்ந்து, 1921ஆம் ஆண்டிலே துண்டு முறை ஒழிக்கப்பட்டது. தொழிலாளரைச் சிறைப்படுத்தும் விதிகளும் அக்காலப்பகுதியில் நீக்கப்பட்டன.

துண்டு ஒழிந்தபின் வேறொரு காகிதம் முன்வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், பிறப்புப் பதிவுகளையும் மூதாதையர் பற்றிய சான்றுகளையும் வேண்டி நின்றது. அவை இல்லாத இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். 1964 ஒக்டோபர் 30இற் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேரெனக் கணிக்கப்பட்ட அம்மக்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 150,000 பேரின் நிலை 1974இலேயே, இரு நாடுகளுக்கும் சமபங்காகத் தீர்க்கப்பட்டது.

அவ்வொப்பந்தத்தில் நமது பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடைய வாசகம் ஒன்றுண்டு. தாயகம் திரும்புவோர் தம் சேமலாப நிதி, பணிக்கொடை உட்பட்ட சொத்துக்களை நாணயமாற்றுக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு அமையக் கொண்டுசெல்லலாம். ஒரு குடும்பம் இறுதியாகப் புறப்படும்போது எடுத்துச்செல்ல அனுமதிக்கப்படும் சொத்தின் உச்ச அளவு 4,000 ரூபாவுக்குக் கீழ்க் குறைக்கப்படமாட்டாது. காப்புறுதிபோல் எழுதப்பட்ட இவ்வாசகம் எதனை உணர்த்துகின்றது? பல தலைமுறைகள் உழைத்த குடும்பமொன்றின் கைப்பொருளுக்கு அரசு உச்ச எல்லை விதிக்கலாம் என்பதை இரு அரசுகளும் இயல்பாகவே ஏற்றுக்கொண்டன என்பதையே. தலைமன்னார்த் துறையில் மூட்டையை அவிழ்த்துக் காட்டிய தொழிலாளி எக்குற்றமும் செய்தவரல்லர். எனினும் தம் கைப்பொருளுக்குக் கணக்குக் காட்டவேண்டியவர் அவராகவே இருந்தார்.

1978இன் அரசியலமைப்பு, பேச்சு, கூடுதல், நடமாட்டம் முதலிய 14ஆம் உறுப்புரையின் சுதந்திரங்களைப் பிரசைகளுக்கே உரியனவாக்கியது. நாடற்றோராக இங்கு நிரந்தரமாகச் சட்டபூர்வமாக வாழ்ந்தோருக்கு அவற்றைப் பத்து ஆண்டுகளுக்கு மட்டும் வழங்கியது. நாடற்ற நிலைக்குச் சட்டத்தில் முடிவு காண முற்பட்ட இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே, 35ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறிற்று. ஆகவே இன்று ஐம்பது வயதைக் கடந்த தோட்டத் தொழிலாளர் பலர் தம் வாழ்வின் ஒரு பகுதியைப் பத்திரமற்றோராகக் கழித்தவர்களாவர். அவர்கள் வாழும் லய அறைக்கும் உறுதிப் பத்திரம் அவர்களிடம் இல்லை. கணக்குத் திறத்தல், கடன் பெறுதல், வதிவிடச் சான்று காட்டுதல் ஆகிய யாவும் தோட்ட நிருவாகத்தின் கடிதத்தோடு பிணைந்தே பல்லாண்டுகள் நடந்தன. இத்தகைய மக்களை நோக்கி, பணத்தின் மூலத்தை எழுத்தில் நிரூபிக்குமாறு கேட்பது, அவர்களுக்கு மறுக்கப்பட்டதையே அவர்களிடம் கேட்பதாகும்.

அண்மைக் கால நிகழ்வுகள்

போதைப்பொருட் பெருக்கம் மலையகத்துக்கும் உண்மையான கேடு என்பதை மறுப்பதற்கில்லை. தோட்டப் பாடசாலைகளின் வாயில்வரை அது வந்துள்ளது. குற்றத்தால் வந்த பெருஞ்செல்வம் உறவினர் பெயரிலும் கம்பனிகளின் பெயரிலும் ஒளிந்துகிடக்க, குற்றத் தீர்ப்புக்காகப் பல்லாண்டுகள் காத்திருப்பது பயனற்றது என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. அரச சொத்தைச் சூறையாடியோரிடமிருந்து அதனை மீட்கவேண்டும் என்ற மக்கள் கோரிக்கையும், குறிப்பாக 2022இன் பொருளாதார வீழ்ச்சியின் பின் எழுந்த கோரிக்கை, முற்போக்கானதே.

ஆயின் வலை எங்கு வீசப்படுகின்றது, எம்மீன் அகப்படுகின்றது என்பதே வினா. 2023 டிசெம்பர் 17இல் ‘யுக்திய’ என்னும் பெயரில் நாடெங்கும் பொலிஸ் நடவடிக்கை தொடங்கியது. ஒரு மாதத்துக்கும் குறைந்த காலத்துள் 29,000க்கும் அதிகமானோர் கைது செய்யப்பட்டதாகக் கூறப்பட்டது. பிடியாணையின்றி நடத்தப்பட்ட சோதனைகள் பற்றியும், பிரதானமாக விளிம்புநிலைச் சமூகப் பிரிவினரே இலக்காயினர் என்பது பற்றியும் 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகம் கவலை வெளியிட்டது. இத்தகைய திரள் நடவடிக்கையில், பெருவணிகரின் பணம் வங்கிகளிலும் காணிகளிலும் வெளிநாடுகளிலும் இருக்க, கைக்கு எட்டுவது கைப்பணமே. கைப்பணத்தில் வாழ்வோரோ ஏழைகள்.

2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்தை இப்பின்னணியில் நோக்குதல் வேண்டும். அது நீதிமன்ற மேற்பார்வைக்கு இடமளிப்பது வரவேற்கத்தக்கது. எனினும், குடியியல் அளவுகோலின் கீழ், எழுத்துச் சான்றுள்ளவனுக்கும் அற்றவனுக்கும் இடையிலான வேறுபாடு மேலும் கூர்மையடையும். கணக்காளரும் சட்டத்தரணியும் உடையவன் எத்தொகைக்கும் பத்திரம் தயாரிக்க வல்லவன். சீட்டுக் கொப்பி மட்டும் உடையவளால் அது இயலாது.

பிற நாடுகளின் அனுபவம்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டின் சட்டமொன்று, பறிமுதலான பணத்திற் பங்கைக் கைப்பற்றிய பொலிஸ் திணைக்களங்களே பெற வழிசெய்தது. இதன் விளைவாகக் குற்றத் தடுப்பு வருமானத் தேட்டமாக மாறிற்று என்ற கடுங்கண்டனம் எழுந்தது. 2015இல் நியூ மெக்சிக்கோ மாநிலம் குற்றத் தீர்ப்பற்ற பறிமுதலை முற்றாக ஒழித்தது. ஆனால் 2024 மே மாதத்தில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், கைப்பற்றப்பட்ட பொருளை வழக்கு முடியும்வரை வைத்திருக்கலாமா என்பதைத் தீர்மானிக்கத் தனியான முன்விசாரணை வழங்கவேண்டியதில்லை எனத் தீர்த்தது. ஐக்கிய இராச்சியத்தில் 2002ஆம் ஆண்டின் சட்டம் குறைந்தபட்சத் தொகையொன்றுக்கு மேற்பட்ட பணத்தையே கைப்பற்ற அனுமதித்து, 48 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க நீதிமன்றக் கட்டளையை வேண்டி நிற்கின்றது.

நமக்கு மிக அண்மையிலுள்ள உதாரணம் தமிழ்நாடாகும். நமது தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியோர் பெருந்தொகையாகக் குடியேறிய நீலகிரி உட்பட, அம்மாநிலமெங்கும் தேர்தற் காலங்களிற் பறக்கும் படையினர் 50,000 ரூபாவுக்கு மேற்பட்ட பணத்துக்கு ஆவணம் கேட்பது வழக்கம். வாக்காளருக்குக் கையூட்டு வழங்குவதைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆனால் ஆவணமின்றி அகப்படுவோரிற் சிறுவணிகரும் விவசாயிகளும் உளர். இது பற்றிய முறைப்பாடுகளைத் தொடர்ந்து இந்தியத் தேர்தல் ஆணையம் 2015 மே 29இல் வகுத்த நடைமுறை கவனத்துக்குரியது. மாவட்டந்தோறும் மூன்று அதிகாரிகள் கொண்ட குழு, எவரும் விண்ணப்பிக்காமலே, தானாகவே ஒவ்வொரு கைப்பற்றலையும் பரிசீலிக்கும். வழக்குப் பதிவு இல்லாவிடின், வேட்பாளருடனோ கட்சியுடனோ தொடர்பு இல்லாவிடின், பணத்தை விடுவிக்கும். இங்கு மீட்கும் முயற்சியின் பாரம் இழந்தவரிடமிருந்து நீக்கப்பட்டுப் பறித்தவரின் பக்கம் வைக்கப்படுகின்றது. நடைமுறையில் குறைகள் இருப்பினும் தத்துவம் சரியானது.

செய்யத்தக்கன

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். முதலாவதாக, பணத்தைக் கைப்பற்றும் இடத்திலேயே, தொகையையும் காரணத்தையும் குறிக்கும் பற்றுச்சீட்டு உரியவரின் மொழியில் வழங்கப்படல் வேண்டும். இரண்டாவதாக, 431ஆம் பிரிவிலுள்ள ‘உடனடியாக’ என்னும் சொல்லுக்கு மணித்தியாலக் கணக்கில் எல்லை வகுக்கப்படல் வேண்டும். மூன்றாவதாக, ஒரு மாத குறைந்தபட்சச் சம்பளத்தின் சில மடங்குக்கு உட்பட்ட தொகை, குறித்த குற்றமொன்றோடு தொடர்புடையதெனப் பொலிசார் காட்டினாலொழிய, கைப்பற்றப்படலாகாது. நான்காவதாக, சீட்டுக் கொப்பி, மொய் ஏடு, அடகுச் சீட்டு, அயலவரின் வாய்மொழிச் சாட்சியம் ஆகியன பணத்தின் மூலத்துக்கு ஏற்கத்தக்க சான்றுகள் என்பதை விசாரணை செய்வோர் அங்கீகரித்தல் வேண்டும். ஐந்தாவதாக, வழக்குத் தொடரப்படாத விடயங்களிற் பணத்தைத் திருப்பும் முயற்சியை உரியவர் தொடங்கவேண்டும் என்ற நிலை மாறி, நீதவான் தாமாகவே குறித்த தவணையில் அதனைப் பரிசீலிக்கும் நடைமுறை வேண்டும். இறுதியாக, பறிமுதலான பணத்தின் எப்பங்கும் அதனைப் பறித்தோருக்கு நன்மையாக அமைதல் ஆகாது.

இவற்றுட் சில சட்டத் திருத்தத்தை வேண்டுவன. சில சுற்றறிக்கை ஒன்றினால் நாளையே செய்யத்தக்கன. தொழிற்சங்கங்களும் இதுவரை சம்பளத்தைப் பெற்றுக்கொடுப்பதிற் செலுத்திய கவனத்தின் ஒரு பகுதியை, பெற்ற சம்பளம் தொழிலாளியின் கையில் நிலைத்திருப்பதிலும் செலுத்துதல் வேண்டும். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் தமிழறிந்த சட்ட உதவியாளர் இருவர் நீதிமன்ற நாட்களிற் கிடைப்பாராயின், இன்று கைவிடப்படும் சிறுதொகைகளிற் பல உரியவரைச் சேரும்.

110ஆம் பிரிவு இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றது. அதனை எவரும் நீக்கவில்லை. கொழும்பின் வணிக நிறுவனத்துக்கு அது எவ்வாறு பொருந்துமோ அவ்வாறே பொகவந்தலாவையின் லய அறைக்கும் பொருந்தும். கொழுந்துக் கூடை சுமந்து சேர்த்த பணம் தம்முடையதே என்பதை அத்தொழிலாளி நிரூபிக்கவேண்டியதில்லை. அன்று என்பதை அரசே நிரூபித்தல் வேண்டும்.